எங்கள் வீட்டின் மேல் ஒரு ஸ்டேஷன்

நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களை என்றால் கால்வாய்க்கரைப் பிள்ளைகளை மட்டும். மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டு, நேராக வீட்டுக்குப் போ என்றார். நேராகத்தான் போனேன். வீடுதான் இல்லை.

மயிலாப்பூரைத் தாண்டி அடையாற்றுப் பக்கம் போகும் கால்வாயின் கரையில் எங்கள் குடிசைகள் வரிசையாக இருந்தன. முன்னால் ஒரு சந்து. சந்தின் மறுபக்கம் மதில், மதிலுக்கு அப்பால் ஒரு மஞ்சள் நிற அடுக்குமாடி. பின்பக்கம் கதவைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர். காலையில் பள்ளிக்குப் போகும்போது இருந்த வரிசை இப்போது மண்மேடாகக் கிடந்தது. பொக்லைன் இயந்திரம் ஒன்று மறுகோடியில் இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஒரு சவுக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பெண்கள் மண்ணில் புரண்டு அழுதார்கள். ஆண்கள் கத்தினார்கள். நைனா, அதாவது என் அப்பா, எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அம்மாவைத் தேடினேன். அவள் முதல் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரங்கள் எல்லாம் கட்டிப் பின்னால் ஏற்றியாகிவிட்டது. தலையைப் படிய வாரி, இருந்த இரண்டு நல்ல புடவைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். கலியாணத்துக்குப் போகிறவளைப்போல இருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்து, "ஏறு பாப்பா" என்றாள்.

அதிர்ச்சியில் அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அந்த வயதில் நினைத்தேன். முப்பதை நெருங்கும்வரைக்கும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வெளியே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எங்களுக்கு வீடு கொடுத்தார்கள். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை. குலுக்கல் போட்டுக் கொடுத்ததால் கால்வாய்க்கரை ஜனங்கள் ஆளுக்கொரு பிளாக்கில் சிதறிப்போனார்கள். அப்போது அங்கே பஸ் குறைவு. நைனாவுக்கு மந்தைவெளி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. விடியும் முன்பே அங்கே நின்றால்தான் வேலை கிடைக்கும். முதல் பஸ் பிடித்துப் போனாலும் அவர் போய்ச் சேர்வதற்குள் லோடு இறங்கிவிடும். அதனால் ராத்திரிகளில் மார்க்கெட்டிலேயே ஒரு கடை வாசலில் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருவார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயே இறந்துபோனார்.

அவரைக் கொன்றது அந்தத் தூரம்தான் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். எங்களை அங்கே துரத்தியது கால்வாய் மேல் போட்ட ரயில் பாதை; எங்கள் குடிசைகள் இருந்த இடத்தில் அதன் ஸ்டேஷன் ஒன்று எழும்பியது. ஆகவே என் அப்பாவைக் கொன்றது ஒரு ஸ்டேஷன். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். சாலையோரம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின, கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, அந்தக் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் ஃபிளாட்டுகளில் அம்மாவுக்கு வீட்டு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் பி.காம் படித்தேன். மயிலாப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன்.

வேலைக்குப் போக ரயில்தான் வசதி. ஷேர் ஆட்டோவில் வந்து அதே பாதையில் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலைப் பிடித்தால் கூட்டமில்லாமல் போய்விடலாம். வழியில் அந்த ஸ்டேஷன் வரும். முதல் சில மாதங்கள் அது வரும்போது மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். ஒருநாள் சாயங்காலம் என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன்.

அன்று நான் கண்டதை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. பிளாட்பாரத்திலிருந்து படி இறங்கினால் ஒரு கூடம். அரண்மனை மாதிரி அகலம். அதில் ஒரே ஒரு டிக்கெட் கவுன்ட்டர், அதன் முன் இரண்டு பேர். ஓடாத எஸ்கலேட்டரின் அடிப்படியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. அந்தக் கூடத்துக்குக் கீழே இன்னொரு தளம். அதில் விளக்குகூட இல்லை. தூண்களுக்கு நடுவே புறாக்கள் பறந்த சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தூணும் எங்கள் குடிசை அகலம் இருந்தது. எங்கள் வரிசை முழுவதையும் அப்படியே தூக்கி அந்த இருட்டுத் தளத்தில் வைத்திருந்தால், சுற்றிவர நடக்கவும் இடம் மிஞ்சியிருக்கும்.

ஏதோ பெரிய காரியத்துக்காக எங்களைத் தூக்கி எறிந்தார்கள் என்றுதான் அதுவரைக்கும் நம்பியிருந்தேன். இலட்சக்கணக்கான ஜனம் போய் வரும், நெருக்கியடிக்கும், எங்களுக்கு அங்கே இடமிருக்க நியாயமில்லை என்று. வந்து பார்த்தால் யாருமே இல்லை.  நைனா இதற்காகவா கடை வாசலில் படுத்தார் என்று கேட்டபடி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் எடுக்க வந்த ஒரு அம்மா தலைசுற்றலா என்று கேட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த ஸ்டேஷனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் கால்வாயில் படகு ஓடியிருக்கிறது. ஆந்திரப் பக்கத்திலிருந்து விறகும் உப்பும் வந்திருக்கின்றன. படகு நின்றது, சாக்கடை வந்தது, கரையில் ஜனங்கள் வந்து குடியேறினார்கள். பிறகு நகரத்துக்கு ரயில் வேண்டுமென்றபோது ஊருக்குள் இடம் வாங்கினால் செலவு அதிகம், கால்வாய் மேல் போட்டால் செலவில்லை என்று யோசித்திருக்கிறார்கள். ஸ்டேஷன்களைப் பெரிது பெரிதாகக் கட்டிக் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வாடகைக்கு விடலாம் என்று திட்டம். வாடகைக்கு யாரும் பெரிதாக வரவில்லை. செலவில்லாத இடம் என்று எழுதியிருந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தச் செலவில்லாத இடத்தில்தான் எங்கள் அடுப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொதித்துப்போய் இதையெல்லாம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "கை கழுவிகினு வந்து துன்னு" என்று சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் ஒருநாளும் அந்த ரயிலில் ஏறியதில்லை. மயிலாப்பூரில் வேலை இருந்தால் இரண்டு பஸ் மாறிப் போவாள். அது அவளுடைய கோபம், என்னுடையதைவிடப் பெரிய கோபம் என்று நினைத்து, அதற்காக அவளை மதித்தேன்.

ரயிலில்தான் அவனைச் சந்தித்தேன், இப்போது என் கணவன். அவன் தினமும் அந்த ஸ்டேஷனில்தான் ஏறுவான். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை, மயிலாப்பூரில் இறங்கி பஸ் மாறுவான். பேச ஆரம்பித்துச் சில மாதம் கழித்து ஒருநாள் பிளாட்பாரத்தில் நின்று எதிரே கையைக் காட்டி, அதுதான் எங்கள் வீடு என்றான். மூன்றாவது மாடி, பிளாட்பாரத்துக்கு நேராக ஒரு பால்கனி. சாயம் மாற்றியிருந்தார்கள். ஆனாலும் அது அந்த மஞ்சள் பில்டிங்தான்.  நான் பிறந்து வளர்ந்தது அவன் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே என்று அன்றே சொல்லிவிட்டேன்.  அவனும் என் வயதுதான். அந்தப் பால்கனியிலிருந்து எங்கள் கூரைகளின் மேல் பட்டம் விட்டிருக்கிறான்.

சாதியைப் பற்றி அவன் தன் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் பேசவேண்டியிருந்தது. அவன் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பாத்திரக்கடை வேலைக்கு மெட்ராஸ் வந்தவர். இப்போது மந்தைவெளியில் சொந்தமாக ஒரு சிறிய பாத்திரக்கடை. ஒருவழியாகச் சரி, பெண்ணையும் அம்மாவையும் வரச்சொல் என்றார். எங்கள் வீடு எங்கே என்று கேட்டதற்கு, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் என்று மட்டும் அவன் சொல்லியிருந்தான். அதற்கு முன்னால் எங்கே இருந்தோம் என்பதைக் கலியாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். எந்த பில்டிங் என்று அம்மாவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். வரமாட்டேன் என்பாளோ என்று பயந்தேன். அவள் தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினாள்.

அவன் அம்மா நல்ல மாதிரி வரவேற்றார். காப்பி வந்தது. அல்வா வந்தது. அதற்கு முன்னால், கதவைத் திறந்தபோது அவன் அப்பா வாங்கம்மா, வாங்க என்று உரக்கச் சொன்னதும் என் அம்மா ஒரு கணம் வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றத் தடுமாறுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன்.

பெரியவர் பேச்சுப்பிரியர். முதல் பத்து நிமிடத்திலேயே எங்களைப் பால்கனிக்கு அழைத்துப் போனார். எதிரே பிளாட்பாரம். வேளச்சேரிக்குப் போகும் ரயில் வந்து நின்றது. ரயிலுக்குள் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கள் கையிலிருந்த காப்பி டம்ளரைப் பார்த்தார், அவ்வளவு பக்கம். பெரியவருக்கு அந்த ஸ்டேஷன் மேல் தன் சொந்த மகன்மேல் இருப்பதுபோல ஒரு பெருமை. தூண் நட்டதிலிருந்து முதல் ரயில் வந்தது வரைக்கும் எல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். நடுவில் வேலை நின்று வெறும் கம்பியாகத் துருப்பிடித்துக் கிடந்த காலத்தையும் சொன்னார்.

"அதுக்கு முன்ன இந்த ஜன்னலத் தொறக்க முடியாது பாத்துக்கிடுங்க. அப்படி நாத்தம். கீழ பூரா குடிசை. அதனாலதான் எனக்கு இந்த வீடு மலிவா கெடச்சுது. அவங்கள காலி பண்ணின பொறவுதான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு."

அவர் மகனின் முகம் வெளுத்தது. அப்பா என்று இழுத்தான். அவர் நிறுத்தவில்லை.  டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து, அந்தக் குடிசைகளில் ஒன்று எங்களுடையது என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தேன். வார்த்தைகளைக்கூட அடுக்கிவிட்டேன். அவர் அதற்குள் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள். பில்டிங்காரர்கள் ஒரு பக்கம், குடிசைக்காரர்கள் ஒரு பக்கம். பில்டிங் சார்பில் இவர்தான் எழுந்து பேசியிருக்கிறார். குடிசைப் பக்கம் ஒரே கூச்சல். போகவே மாட்டோம், வெளியே தூக்கிப் போட்டாலும் போகமாட்டோம் என்று.

"அப்ப அவங்க கூட்டத்துலேருந்தே ஒரு பொம்பள எந்திச்சா. வீடு குடுத்தா நான் போறேன், நாளைக்கே போறேன்னா. அவங்க ஆளுங்களே அவள ஏசுதாங்க, அடிக்கப் போறாங்க. அசையலையே. அவ ஒருத்தி சொன்னத வச்சுத்தான் ஆபீசர் எழுதிக்கிட்டுப் போனாரு. யாரு எவ்வளவு குடுத்தாங்களோ அவளுக்கு."

அம்மா காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைத் தட்டில் வைத்தாள்.

"யாரும் ஒண்ணியும் குடுக்கல சார்," என்றாள். "அது நாந்தான்."

எதிரே அடுத்த ரயில் வந்து நின்று கிளம்பியது.  பெரியவர் சிரித்த வாயை மூட மறந்து அம்மாவையே பார்த்தார். சமையலறை வாசலில் அவர் மனைவி தட்டோடு நின்றிருந்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த முகம், அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணத்தில் பெரியவர் சொன்னது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. குடிசை, நாற்றம், எதுவும். லாரியில் முன்னால் உட்கார்ந்திருந்தவளை மட்டும்தான் நினைத்தேன்.

ஏன்மா என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும், அந்நிய வீட்டில், சத்தமாகவே கேட்டேன்.

"உன் அண்ணன் காய்ச்சல்ல சாவல," என்றாள் அம்மா. "பின்னாடி கால்வாய்ல வுழுந்து பூட்டான்."

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது தெரியும். மூன்று வயதில் காய்ச்சல் வந்து இறந்தான், அப்போது நான் கைக்குழந்தை என்று சொல்லியிருந்தார்கள். போட்டோ இல்லை. அவனைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள். அம்மா இப்போது பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, பெரியவரைப் பார்த்துப் பேசினாள். அடைமழை. கால்வாய் கரைமட்டத்துக்கு ஏறி நின்றது. அவள் எனக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் பின்கதவைத் தள்ளிக்கொண்டு போனது தெரிந்தது, இதோ வந்துவிடுவான் என்று இருந்தாள். அதற்குமேல் அவள் விவரம் சொல்லவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் ஆகாயத்தாமரைக்குள் கண்டெடுத்தார்கள் என்று மட்டும் சொன்னாள்.

பெரியவர் கேட்டார், மெல்லிய குரலில், போலீஸ் ஜீப் ஒன்று சந்தில் வந்து நின்ற அன்றைக்கா என்று. அம்மா ஆமாம் என்றாள்.

"நாங்க குடி வந்த புதுசு," என்றார் அவர். "கீழ கூட்டம் கூடி அழுகையும் சத்தமுமா இருந்துச்சு. குடிச்சிட்டுச் சண்டை போடுதாங்கன்னு நெனச்சேன். ஜன்னலச் சாத்திட்டேன்."

சொல்லிவிட்டு அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.  அவர் மனைவிதான் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் குங்குமம் இருந்த தட்டை எடுத்தார். அம்மா விதவை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், தட்டை வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்டிக் டப்பாவில் அல்வாவை அள்ளி அள்ளி வைத்தார்.

கலியாணப் பேச்சு இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவன் எங்களோடு கீழே வந்தான். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் வேண்டாம் என்று கை காட்டிவிட்டேன். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். அம்மா என் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள்.

"ரயில்லயே பூடலாம்," என்றாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அந்தக் காலிக் கூடத்தை நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்துவிட்ட அதே கூடம்.  பிளாட்பாரத்தில் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் தூண்களுக்கு நடுவில் தண்ணீர் தெரியும். இந்த ரயிலில் ஏன் ஏறமாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபமே இல்லை. அந்தத் தண்ணீரை மேலேயிருந்து பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அந்தத் தண்ணிய பாத்துகினே வளந்துருப்ப."

அன்று அவள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு அடியாகத்தான் விழுந்தது. மகன் போன பிறகு பின்கதவுக்கு ஒரு தகரத்தை அடித்தாள். அப்படியும் தூக்கம் வராது. நான் தவழ ஆரம்பித்ததும் என் காலில் கயிறு கட்டி மறுநுனியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு சமைத்தாளாம். எங்கேயாவது போய்விடலாம் என்று நைனாவிடம் கெஞ்சியிருக்கிறாள். வேலை இங்கே இருக்கிறது, எங்கே போவது என்பார். அப்போதுதான் ரயில் பாதை வருகிறது, வீடு கொடுப்பார்கள் என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. எதிர்ப் பக்கத்தில் எழுந்து பேசிய பில்டிங்காரரின் குரல் அவளுக்கு மறக்கவில்லை. இன்றைக்கு வாசலில் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

புது இடத்தில் பல வருஷம் பழைய ஜனங்கள் அவளைத் தண்ணீர் லாரி வரிசையில் நிற்கவிடவில்லை. குடத்தை எட்டி உதைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தண்ணீர் பிடிக்க என்னைத்தான் அனுப்புவாள். நான் சின்னப்பிள்ளை என்பதால் விட்டார்கள். வேலை செய்யப் பழக்குகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"உன் நைனா மட்டும் இன்னா," என்றாள். "மார்க்கெட்டுல படுத்துகினது வேலைக்கோசரம்னு நெனச்சிகினுகீற. வேலைக்கும்தான். என் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னும்தான். ஆஸ்பத்திரிலகூட என்னாண்ட பேசல."

ரயில் ஒன்று வந்து நின்று போனது. நாங்கள் ஏறவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. யாரோ என் வாழ்க்கையைப் பிரித்து வேறு மாதிரி தைத்துக் கையில் கொடுத்ததுபோல இருந்தது. எல்லாத் துணியும் அதேதான், ஆனால் எனக்குப் பொருந்தவில்லை. நைனாவைக் கொன்றது ஸ்டேஷன் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், இனி யாரைச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பவளையா? கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். இப்படியெல்லாம் ஆகும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு எழுந்திருப்பாயா என்று.

அம்மா யோசிக்கவே இல்லை.

"இன்னும் முன்னாலயே எந்திரிச்சிருக்கணும்," என்றாள். "அவன் இருந்தப்பவே."

பிறகு அவன் பெயரைச் சொன்னாள். என் அண்ணனின் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த வாரமெல்லாம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கடையில் கூட்டல் தப்பியது. அம்மாவிடம்கூட முகம் கொடுக்க முடியவில்லை. அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அவனிடமிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், அவன் அப்பாவும் அம்மாவும் படியேறிய மூச்சிரைப்போடு வாசலில் நின்றிருந்தார்கள். மகன் கீழே ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். தட்டில் வெற்றிலை, பழம், பூ. பெரியவர் அம்மாவை நேராகப் பார்க்காமல் பேசினார். தேதி குறிக்கலாம் என்று வந்திருக்கிறோம் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மாவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரே அறை, பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் தினமும் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையோடு.

மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கலியாணம் நடந்தது. கால்வாய்க்கரையின் பழைய ஜனங்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் அம்மாவே போய்ப் பத்திரிகை வைத்தாள். வேண்டாம், அவமானப்படுத்துவார்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. சிலர் கதவைத் திறக்கவில்லை. வந்தவர்கள் கொஞ்சம்தான். சவுக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுத பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். என் தலையில் கை வைத்தாள். அம்மாவிடம் பேசாமலே போய்விட்டாள்.

இப்போது நான் அந்தப் பால்கனி வீட்டில்தான் இருக்கிறேன். தினமும் அந்த ஸ்டேஷனில்தான் ஏறுகிறேன். அதன் இருட்டுத் தளங்கள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன. பாதையை மெட்ரோவோடு சேர்க்கப் போகிறார்கள், கடைகள் வரும் என்று பேச்சு. கடையில் மத்தியானம் சாப்பிடும்போது முன்பெல்லாம் எங்களைத் துரத்திய கதையைச் சொல்வேன், எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். இப்போது அதை எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களை விரட்டியது அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விரல்களைப் பிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதே சமயம் அன்றைக்கு ஒருத்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு தானாக லாரியில் ஏறினாள். அவளும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே கதையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

கலியாணமான புதிதில் அம்மாவை எங்களோடு வந்துவிடச் சொல்லி வற்புறுத்தினேன். தனியாக அத்தனை தூரத்தில் எதற்கு, பக்கத்திலேயே ஒரு வாடகை வீடாவது பார்க்கிறேன் என்றேன். மாமாவும், அதாவது பெரியவரும், ஒரு வீடு விசாரித்து வைத்திருந்தார். அம்மா இரண்டு நாள் வந்து தங்கினாள். என் மாமியாரோடு சேர்ந்து கத்தரிக்காய் வற்றல் போட்டாள். மாமா கடையிலிருந்து கொண்டுவந்த இட்லிக் குண்டான் அடி மெல்லிசு என்று குறை சொன்னாள், அவர் மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன, அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். அங்கே என்றுதான் எப்போதும் சொல்வேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி என் கன்னத்தைத் தட்டினாள்.

"வூட்டுக்குப் போயி போன் பண்றேன்," என்றாள்.

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் அதைத் தொடக்கத்திலிருந்தே வீடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்கவில்லை.